யானைத் துவக்கு

முன்னேஸ்வரத்து ஆவணி மகோற்சவம் 28 நாள் நடப்பது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணை உறவினரால் நிறைந்திருக்கும். சென்ற ஆண்டு, கொடியேறி நாலைந்து நாள் கழிந்த ஒரு மாலைப்பொழுதில், என் தமக்கையும் அவள் மகனும் வந்து சேர்ந்தார்கள். தாய் உள்ளே சென்று, பிள்ளையாருக்கு உடைப்பதற்கென்று தான் கொண்டுவந்த தேங்காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். மகன் என்னருகே திண்ணையில் இருந்து, தாய்க்குக் கேளாத குரலில், "மாமா, ஒரு யானைத் துவக்கு விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா எண்டு நீங்கதான் பாத்துச் சொல்லவேணும்" என்றான்.

நான் துவக்குப் பிடித்தவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழும் வரலாறும் கற்பித்து ஓய்ந்தவன். என்னிடம் வந்து இதைக் கேட்பானேன் என்று வாசகர் வியக்கலாம். பிழை என்னுடையதே. அவன் சிறுவனாயிருந்த காலத்தில் விடுமுறைக்கு இங்கே வந்தால் இரவில் கதை கேட்பான். சாமுவேல் பேக்கர் இலங்கைக் காடுகளில் யானையை எதிர்த்து நின்ற கதைகளையும், குமாவோன் மலைகளில் ஜிம் கோர்பெட் ஆட்கொல்லிப் புலியைத் தேடி நடந்த கதைகளையும், சேலம் பக்கத்துக் காடுகளிலே கென்னத் அண்டர்சன் தம் பழைய வின்செஸ்டர் துவக்கோடு இரவெல்லாம் மரத்தில் விழித்திருந்த கதைகளையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இருபது ஆண்டுகள் கழித்து அந்த விதை முளைத்து என் திண்ணைக்கே வந்து நிற்கிறது.

அவனுடைய தேவையோ கதையன்று. ஆனமடுவைக்கு அப்பால் அவனுக்குக் கொஞ்சம் காணி உண்டு. (அவ்வூரின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் தமிழ்க் காது அதனை யானையின் மடுவாகவே கேட்கும், கேட்பதிலும் தவறில்லை.) கடன்பட்டு நான்கு ஏக்கரில் தென்னை வைத்தான். தென்னங்கன்றை நாங்கள் தென்னம்பிள்ளை என்போம். பிள்ளையை வளர்ப்பது போலவே ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தால்தான் அது காய்க்கத் தொடங்கும். நான்காம் ஆண்டில் ஓர் இரவு ஒற்றைக் கொம்பன் ஒன்று உள்ளே வந்தது. கொம்பன் என்று பழக்கத்தால் சொல்கிறேன்; இலங்கை ஆண் யானைகளிற் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை. வந்த யானை தென்னம்பிள்ளைகளை மிதித்துச் சாய்த்து, நடுக்குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. விடிந்து எண்ணியபோது 41 கன்றுகள். குருத்துப் போன தென்னை மீண்டும் எழாது. அதே மாதத்தில் அயற்காணிக்காரர் ஒருவர் விடியற்புறம் வாய்க்காலுக்குப் போன இடத்தில் யானையின் முன் அகப்பட்டு மாண்டார். அதன்பின் என் மருமகன் இரவில் உறங்குவதில்லை.

இனித் துவக்கின் கதை. தெதுரு ஓயாவுக்குத் தெற்கே, பழைய தென்னந்தோட்டம் ஒன்றின் பங்களாவில், முன்னாள் உரிமையாளரின் பேரன்மார் சாமான்களைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அலுமாரியில் ஒரு ரைபிள் இருந்தது. அதன் குழலில் ஜெப்ரி என்ற லண்டன் துவக்கு நிறுவனத்தின் பெயரும், .404 என்ற இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. கேட்ட விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை. "இப்ப இதைச் செய்யிறதில்லையாம் மாமா. கிடைக்கிறதே அபூர்வமாம்" என்றான் அவன். விற்பவன் சொன்னதை அப்படியே மனனஞ் செய்திருந்தான்.

செய்வதில்லை என்பது ஒரு பொருளுக்குச் சிறப்பா, குறையா? மருமகனுக்கு விடை கூறுமுன், இத்தகைய பெருந்துவக்கு எதற்காகப் பிறந்தது என்பதை நானே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

துவக்கு எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. 1578இல் முன்னேஸ்வரத்துக் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதனைத் தோளிற் சுமந்தே வந்தார்கள். கோயிலை 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் மீளக் கட்டுவித்தான். துவக்கோ போகாமலே தங்கிவிட்டது. ஆயினும் அந்நாளைய துவக்கு மனிதனைக் கொல்லப் போதுமானது, யானைக்குப் போதாது. யானையின் நெற்றி எலும்பு ஒரே கெட்டியான பாறையன்று. தேன்கூடுபோற் கண்ணறைகள் நிறைந்து ஓரடி ஆழம் வரையிற் செல்வது. மூளையோ பின்னால் தாழ்ந்து கிடக்கும் சிறு பொருள். மெல்லிய ஈயக் குண்டு அந்த எலும்பிற் பட்டால் தட்டையாகி நின்றுவிடும். ஆதலால் குண்டை வேகப்படுத்த அறியாத காலத்து மக்கள் அதன் எடையைக் கூட்டினார்கள்.

"போர்" என்ற அளவின் பொருள் பலருக்குத் தெரியாது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாகச் செய்தால், அவ்வுருண்டை ஒன்று சரியாக நுழையும் குழல் பன்னிரண்டு போர். நமது கமக்காரர் கையில் உள்ள துவக்கு அதுதான். ஆறு உருண்டையானால் ஆறு போர். நான்கானால் நான்கு போர். எண் சிறுக்கக் குழல் பெருக்கும். 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரைக் கொண்டு பேக்கர் செய்வித்த ரைபிள் இந்த நான்கு போரே. குழலின் வாய் ஓர் அங்குலத்துக்கும் சற்று மேல். துவக்கின் எடை 21 இறாத்தல். ஒருமுறை சுட 16 டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்சு வெடிமருந்து வேண்டும்; அது தள்ளும் கூம்புக் குண்டு 4 அவுன்சு. 1846இல் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவிலே பண்ணை அமைத்து வாழ்ந்து, 1855இல் திரும்பிச் சென்ற அம்மனிதர், இங்கே யானை கொன்ற வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதி வைத்தார். பின்னர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்ற துவக்கு இன்னும் பெரிது. அரை இறாத்தல் குண்டு போடும் அதனை அராபியர் பீரங்கியின் குழந்தை என்று அழைத்தனர். அதனைச் சுடும்போதெல்லாம் தாம் காற்றுத்திசை காட்டிபோற் சுழன்றதாக அவரே ஒப்புக்கொள்கிறார். இளமையில் இந்த இடத்தைப் படித்து நான் சிரித்திருக்கிறேன்.

அன்று சிரித்தபோது நான் கவனியாமல் விட்டது எண்ணிக்கையை. பேக்கர்கூட இவ்வகையில் முதல்வர் அல்லர். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். 1845இல் ஹப்புத்தளையில் ஒரு விடுதியின் வாயிலில் நின்றபோது இடி விழுந்து இறந்தார். அதை யானைகளின் சாபம் என்று சொல்பவர் இன்றும் உளர். மலைநாட்டில் இடி யாருக்கும் விழும். தெருக்களமைத்துப் புகழ்பெற்ற ஸ்கின்னரும் பல நூறு யானைகளைச் சுட்டவரே. அரசாங்கமும் வால் ஒன்றுக்குச் சில ஷில்லிங் வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி கொடுக்கப்பட்டதாக எமர்சன் டெனென்ட் எழுதியுள்ளார். அவரே 1847இல் குருநாகலுக்கு அண்மையில் ஏழு கோறளைக் காட்டில் யானைகளைப் பட்டியில் அடைத்துப் பிடிக்கும் காட்சியையும் கண்டு விரிவாக எழுதியவர். அந்தக் கோறளைகளின் தண்ணீரைத்தான் தெதுரு ஓயா எங்களுக்குக் கொண்டுவருகிறது. திருவிழா முடிவில் எங்கள் சுவாமி தீர்த்தமாடுவதும் அந்த ஆற்றிலேதான். 2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் எண்ணியபோது கண்ட யானைகள் 5,879. வெகுமதி கொடுத்துக் கொன்ற மேற்சொன்ன இரு தொகைகளையும் கூட்டினால் அதற்கு அண்மையாக வருகிறது.

வேட்டை குறைந்தது என்று முதலில் முறையிட்டவர்களும் வேட்டைக்காரரே. 1891இல் யானைக்குப் பாதுகாப்பளித்து ஒரு சட்டம் வந்தது. 1894இல் வேட்டைப் பிரியர்களே கூடி விலங்குப் பாதுகாப்புக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றும் அது வேறு பெயரோடு வாழ்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விலங்கினங்களுக்கும் தாவரங்களுக்கும் பொதுவான காவலாயிற்று. அடுத்த ஆண்டு, எங்களுக்கு வடக்கே உள்ள வில்பத்து தேசிய வனமாயிற்று.

இதற்கிடையே துவக்கும் மாறிவிட்டது. கரும் வெடிமருந்து போய், கோர்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தது. செம்பு நிக்கல் உறை போர்த்த கடினச் சன்னம் வந்தது. வேகம் ஏறியதும் குண்டின் பருமன் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் துவக்குகளை ஆங்கில அரசு தடைசெய்தது. அந்த அளவில் இருந்த பழைய இராணுவத் துவக்குகளுக்குக் கலகக்காரர் தோட்டா பெறலாம் என்ற அச்சமே காரணம். அதனால் லண்டன் நிறுவனங்கள் .465, .470, .475 என்று அண்டை எண்களிலெல்லாம் புதுத் தோட்டா பிறப்பித்தன. நம் மருமகன் கண்ட .404 ஜெப்ரி அதற்கு இரண்டாண்டு முந்தியது, 1905இல் வந்தது. பெயரில் .404 என்றாலும் சன்னத்தின் குறுக்களவு .423 அங்குலம், இத்தொழிலில் பெயருக்கும் அளவுக்கும் பொருத்தம் எதிர்பார்க்கக்கூடாது. 400 கிறெயின் சன்னம் நொடிக்கு 2,100 அடிக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லும். வாயை விட்டுப் புறப்படுகையில் அதன் வலு ஏறத்தாழ 4,000 அடி-இறாத்தல், பழைய.303 இராணுவத் துவக்கினது 2,300 அளவு. தோளில் உதைப்பதோ அதனிலும் மூன்று மடங்கு. இரட்டைக் குழல் துவக்குகளைச் சீமான்கள் வாங்கினார்கள். இந்த ஒற்றைக் குழல் மவுசர் வகை விலை மலிந்தது, நம்பத்தக்கது. ஆகையால் ஆபிரிக்க வனத் திணைக்களங்கள் தம் காவலருக்கு இதனையே கொடுத்தன. தோட்டத்துரைமார் கையிலும் இது வந்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் அறிந்த பின்பும் ஒரு துவக்கைக் கையில் எடுத்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தெரியாது. ஆதலால் சிலாபத்தில் வாழும் என் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்தேன். அவர் வனசீவராசிகள் திணைக்களத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், சிங்களவர், தமிழை எங்களைவிடத் திருத்தமாகப் பேசுவார். மூவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனோம்.

அலுமாரியைத் திறந்து துவக்கை மேசையில் வைத்தார்கள். உண்மையைச் சொல்லவேண்டும். அது அழகாயிருந்தது. வால்நட் மரத்தின் அடிக்கட்டை, புகை படிந்த தேன்நிறம். பிடியிலே குறுக்கு நெடுக்காகச் செதுக்கிய கோடுகள் பல கைகள் பட்டு மழுங்கியிருந்தன. என்னிடம் ஒருமுறை தந்தார்கள். பத்து இறாத்தல் இருக்கும். தோளில் வைத்துக் குறிபார்த்தேன். குழலின் நுனியிலிருந்த சிறு வெண்மணி சன்னல் வழியே ஒரு தென்னையின் அடியிற் போய் நின்றது. நாற்பது ஆண்டாக நான் ஏட்டில் மட்டும் கண்ட பொருள் அது. அந்த நிமிடத்தில் என் மருமகனின் காணியும் மறந்தது, கடனும் மறந்தது. இதனை நானே வாங்கினால் என்ன என்ற எண்ணம் பாம்புபோற் தலைநீட்டிற்று.

நண்பர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர் பார்த்த முறையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்புறமிருந்து உள்ளே நோக்கினார். என்னையும் நோக்கச் சொன்னார். உள்ளே சுழன்று செல்லும் வரிகள் வாய்ப்புறம் கூர்மையாயிருந்தன. தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னே அம்மைத் தழும்புபோற் குழிகள். "பழைய தோட்டாவின் கேப்பில் உப்பு வகை மருந்து இருக்கும், மாஸ்டர். சுட்ட அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் இப்படித்தான் துரு தின்னும். அதற்குமேல் இது கடற்காற்று" என்றார். பின்பு தாழ்ப்பாளில் உள்ள இலக்கமும் குழலில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிட்டார், ஒன்றே. குழலின் அடியிலே கிரீடமிட்ட சிறு முத்திரைகளைத் தேடினார். புகையற்ற மருந்தைத் தாங்கும் என்று ஆங்கிலச் சோதனைச் சாலை இட்ட முத்திரை அங்கே இருந்தது. அது இல்லாத பழைய குழலில் புதிய மருந்து இட்டால் சுடுபவன் முகந்தான் இலக்கு. கடைசியாக, அடிக்கட்டையைக் கழுத்தருகே பிடித்து இலேசாக முறுக்கினார். மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு வாய்திறந்து மூடிற்று. எண்பது ஆண்டு எண்ணெய் ஊறிய மரம் உதை தாங்காது என்றார்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. குழிவிழுந்த குழலும் கிட்டத்தில் யானையைத் தவறவிடாது; வெடித்த கட்டையைப் பசையிட்டு இறுக்கலாம். மருமகனின் முகம் அப்போதும் ஒளியோடுதான் இருந்தது. "தோட்டா?" என்று கேட்டார் நண்பர்.

உள்ளேயிருந்து கைனொக் என்று பெயர் அச்சிட்ட ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மூலைகள் பூச்சியரித்திருந்தன. அதனுள் ஐந்து தோட்டாக்கள் இருந்தன. பித்தளை பச்சை பூத்திருந்தது.

யானைத் துவக்குகளுக்கு உலகெங்கும் சோறிட்டது பெரும்பாலும் இந்த ஒரு பெயர்தான். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆங்கிலக் கொடி இறங்க இறங்க, பெருந்தோட்டாவை வாங்குவார் குறைந்தனர். 1960களில் அந்நிறுவனம் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டது. மிகச் சிறந்த கைவினைஞர் செய்த துவக்குகளெல்லாம் அதன்பின் சுவரில் தொங்கும் இரும்பாயின. பிறகு காலம் மீண்டும் திரும்பிற்று. மேல்நாடுகளில் பழைய துவக்கை நேசிப்போர் பெருக, 1990களிலிருந்து அத்தோட்டாக்களைச் செய்வோர் மீண்டும் தோன்றினர்; .404க்கு இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டா கிடைக்கிறது. ஆனால் அது அங்கே. இலங்கையில் தனிமனிதன் ஒருவன் அதனை வருவிக்க நினைத்தால், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி ஒன்றும் துறைமுகம் தாண்டாது. எனவே, இத்துவக்கின் எஞ்சிய ஆயுள் ஐந்து வெடிகள்.

அந்த ஐந்தும் வெடிக்குமா? நண்பர் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார். "வெடித்தாலும் வெடிக்கலாம். விசையை இழுத்து ஒரு கணம் தாமதித்து வெடிக்கலாம். குறி சரியா என்று பார்க்கவே மூன்று வேண்டும். மிச்சம் இரண்டு. யானை இருபது முழத்தில் வரும்போது, தம்பி, அதில் எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் காட்டிலே மனிதர் மாண்டதைக் கண்டவர்.

மருமகன் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய துவக்குத்தான் வேண்டுமென்பதில்லையே என்று நான் முன்பு சொன்ன கதை ஒன்றை எனக்கே திருப்பிச் சொன்னான். ஆபிரிக்காவிலே பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார்; அவற்றிற் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் சிறு துவக்கினாலேயே கொன்றார். உண்மைதான். ஆனால் பெல் இறந்த யானைகளின் மண்டையை வாளால் அறுத்து, மூளை இருக்கும் இடத்தை எத்திசையிலிருந்தும் கண்ணை மூடிச் சொல்லக்கூடிய அளவு படித்தவர். சிறு துவக்கின் பின்னே அத்தனை படிப்பு நின்றது. பெருந்துவக்கு எனப்படுவது அந்தப் படிப்பு இல்லாதவனுக்காகக் கூட்டிய எடை என்றுகூடச் சொல்லலாம்.

பின்பு கடதாசிகளைக் கேட்டோம். உரிமையாளர் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய அனுமதிப்பத்திரம் ஒன்றை எடுத்துத் தந்தார். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. கடைசி முத்திரை அவருடைய பாட்டனாரின் காலத்தது. பாட்டனார் கண்மூடியபின் எவரும் புதுப்பிக்கவில்லை. 1971இலும், 1987 முதல் 1989 வரையும் கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகத் துவக்குத் தேடி அலைந்த நாட்களில் கூரைக்குள் ஒளித்து வைத்தார்களாம். ஒளித்தது அப்படியே மறந்துபோயிற்றாம். அவர் கள்ளமாகச் சொல்லவில்லை. பாட்டனாரின் மூக்குக்கண்ணாடியைப் போல அதையும் ஒரு வீட்டுச் சாமானாகவே எண்ணியிருந்தார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அந்த மேசையின்மேற் கிடந்தது விற்பனைப் பொருளன்று, குற்றத்தின் சான்று. காசு கொடுத்து அதனை வாங்குபவன் அக்குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு செல்வான். கமக்காரனுக்குப் பயிர்காக்கக் கிடைக்கக்கூடியது பன்னிரண்டு போர்த் துவக்குத்தான். யானை ரைபிள் அல்ல. யானையைக் கொன்றாலோ வழக்கு வேறு.

வரும் வழியில் மூவரும் பேசவில்லை. சிலாபத்துப் பஸ் நிலையத்தில் தேநீர் குடிக்கும்போது மருமகன் கேட்டான்: "அப்ப எனக்கு வழி என்ன மாமா? நாப்பத்தொரு பிள்ளை போச்சு. இனி மிச்சமும் போகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கவா?"

இக்கேள்விக்கு என் புத்தகங்களில் விடை இல்லை. ஜோர்ஜ் ஓர்வெல் 1936இல் எழுதிய ஒரு கட்டுரை மட்டும் நினைவில் வந்தது. பர்மாவிலே மௌல்மீனில் பொலிஸ் அதிகாரியாயிருந்தபோது, மதங்கொண்டு ஒரு மனிதனைக் கொன்ற யானையைத் தேடிப் போகிறார். கண்டபோது அது வயலில் அமைதியாகப் புல் மேய்கிறது. சுடவேண்டிய தேவை இல்லை. ஆனால் யானைத் துவக்கைக் கையில் வாங்கிவிட்டார். பின்னால் ஊரே திரண்டு நிற்கிறது. முட்டாளாகத் தோன்றக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகச் சுடுகிறார். யானை சாக அரைமணி நேரம் செல்கிறது. மருமகனுக்கு இக்கதையைச் சிறுவயதில் நான் சொன்னதில்லை. அன்று தேநீர்க் கடையிற் சொன்னேன். திருக்குறளில் படைச்செருக்கு என்ற அதிகாரம் யானைக்கு எறிந்து தவறிய வேலைப் பாராட்டுகிறது. முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் அதற்கு உரை சொன்ன எனக்கு, தவறிய வேலின் பின் அந்த யானை எங்கே போயிற்று என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கே போகும் என்பதை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கல்கமுவைப் பக்கத்தில் ஒரு குளக்கட்டில் போனபோது, நீர்விளிம்பில் ஓர் இளம் ஆண் யானை நின்றது. முன்னங்கால் மொந்தைபோல் வீங்கியிருந்தது. யாரோ பயிர் காக்கச் சுட்ட சிறு சன்னங்கள் மூட்டில் தங்கிச் சீழ்பிடித்தன. அதனால் நடக்க முடியாது. படுத்தால் எழ முடியாது. தண்ணீரில் நின்று எடையைக் குறைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அது விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். பன்றிக்கென்று பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைக்கிறார்கள்; சிங்களத்தில் அதற்கு ஹக்க பட்டாஸ் என்று பெயர். கடித்த யானைக்குட்டியின் தாடை சிதறும். பசியே அதனைக் கொல்லும். அதே கல்கமுவையில்தான், தந்தங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு வளர்ந்திருந்த புகழ்பெற்ற கொம்பன் 2017இல் கொல்லப்பட்டது. தந்தத்துக்காகவும், தலைக்குள் இருப்பதாக நம்பப்படும் கஜமுத்துக்காகவும் கொன்றனர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. முத்துக் குளித்த கரை எங்களது. கடலில் எடுத்த முத்துப் போதாமல் யானைத் தலையிலும் தேடுகிறோம். 2023இல் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும், யானையால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். இரண்டாவது எண்ணில் அயற்காணிக்காரரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதை யானைக்காகப் பரிந்து பேசும் நகரத்து நண்பர்கள் சிலவேளை மறந்துவிடுகிறார்கள்.

நண்பர்தான் வழி சொன்னார். அவர் சொன்னது புதிதன்று. காட்டைச் சுற்றி வேலியிட்டால் யானையின் ஊண் நிலத்திற் பாதி வேலிக்கு வெளியே கிடக்கும். ஆதலால் ஊரைச் சுற்றி இடவேண்டும். கல்கமுவைப் பக்கத்துக் கிராமங்கள் சில அப்படிச் செய்து பயன்கண்டிருக்கின்றன. கம்பியில் ஓடும் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பது. ஆயிரக்கணக்கான வோல்ற்று, ஆனால் உயிரைக் கொல்லாது. அதன் பலம் கம்பியிலன்று, புல்லை வெட்டிக் கம்பியைத் துடைக்கும் கைகளில் என்றார். "அரசாங்கம் போட்ட வேலியில் கொடி படர்ந்து கிடக்கும் இடங்களை எனக்குத் தெரியும். ஊரார் தம் காசில் போட்டதை ஊரார் பார்ப்பார்கள்." மருமகன் நம்பவில்லை. யானை மரத்தை முறித்துக் கம்பிமேல் போட்டுவிட்டுத் தாண்டும் என்றான். தாண்டும் என்று நண்பரும் ஒப்புக்கொண்டார்.

இதற்கு மேல் நான் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பங்களாக்காரர் துவக்கைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகப் பின்பு கேள்விப்பட்டேன். பற்றுச்சீட்டில் ஐந்து தோட்டாவும் எழுதப்பட்டதாம். அந்தச் செய்தி கேட்ட இரவு எனக்கு உறக்கம் சற்றுக் கெட்டது. வாங்கியிருக்க முடியாது, வாங்கியிருக்கவும் கூடாது. ஆயினும் அந்த வெண்மணி தென்னையடியிற் போய் நின்ற நிமிடத்தை நினையாதிருக்க முடியவில்லை. மருமகன் துவக்குக்கென்று சேர்த்த காசைத் தூண்களுக்கும் மின்பெட்டிக்கும் கொடுத்தான். பதினொரு குடும்பங்கள் சேர்ந்தன. இரண்டு குடும்பங்கள் பிணங்கிப் பின் சேர்ந்தன. முதல் மாதத்திலேயே யானை ஒருமுறை உள்ளே வந்து ஆறு தென்னம்பிள்ளைகளைத் தின்றது.

இவ்வாண்டுத் தீர்த்தத்துக்குத் தாயை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தெதுரு ஓயாக் கரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேட்டியைப் பிழிந்தபடி என்னிடம் சொன்னான்: "நேத்து ராவும் வந்தது மாமா. கம்பிக்கு அங்கால நிண்டு அரைமணித்தியாலம் பாத்தது. போகேக்க மூலைத் தூணைக் காலாலே ஒரு தட்டுத் தட்டிச் சாய்ச்சுப்போட்டுப் போச்சு." இரவு வருமுன் அதை நிமிர்த்த வேண்டுமாம். மடப்பள்ளி அன்னதானத்துக்குக்கூட நிற்காமல், தாயை என் வீட்டில் விட்டுவிட்டு, ஆனமடுவை பஸ்ஸுக்கு ஓடினான்.